அணுக்கொத்துகளின் மிகத் தாழ்ந்த ஆற்றல் அமைப்பு: கணினித் தேடலின் வரலாறு

அணுக்கொத்து என்பது சில அணுக்கள் முதல் சில ஆயிரம் அணுக்கள் வரை ஒன்றுசேர்ந்த சிறு திரள் ஆகும். அணுக்களுக்குப் பதிலாக நீர் போன்ற மூலக்கூறுகள் சேர்ந்திருந்தால் அது மூலக்கூற்றுக் கொத்து எனப்படும். கொத்தின் இயல்பு தனி அணுவின் இயல்பும் அன்று, கட்டிப் பொருளின் இயல்பும் அன்று. ஓர் அணு கூடினாலோ குறைந்தாலோ அதன் வடிவமே மாறிவிடக்கூடும். கொத்தில் உள்ள அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டால் மொத்த ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி. குளிர்ந்த நிலையில் ஒரு கொத்து இறுதியில் நாட வேண்டிய வடிவம் அதுவே.

கேள்வி எளிது. விடை காண்பது கடினம். கண்டுபிடித்த விடை சரியானதுதானா என்று உறுதி செய்வது அதைவிடக் கடினம். கணினி அறிவியல், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றும் சந்திக்கும் இக்கேள்வியின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கணினிக்கு முந்தைய காலம்

உருண்டைகளை நெருக்கமாக அடுக்கும் கணக்கு மிகப் பழையது. 1611-இல் யோகான்னசு கெப்ளர், பனித்துகளின் ஆறுமுனை வடிவத்தைப் பற்றி எழுதிய சிறு நூலில் இதை ஆராய்ந்தார். கடைகளில் பழங்களைக் குவிக்கும் முறையே மிக நெருக்கமான அடுக்கு என்பது அவரது கருத்து. அதற்கான நிரூபணத்தைத் தாமஸ் ஹேல்ஸ் 1998-இல்தான் அறிவித்தார். அதற்கும் கணினியின் துணை தேவைப்பட்டது.

ஓர் உருண்டையைச் சுற்றி, அதைத் தொட்டபடி, அதே அளவுள்ள எத்தனை உருண்டைகளை வைக்கலாம் என்பது 1694-இல் ஐசக் நியூட்டனுக்கும் டேவிட் கிரிகரிக்கும் இடையே எழுந்த கேள்வி. 12 என்றார் நியூட்டன். 13 இருக்கலாம் என்றார் கிரிகரி. நியூட்டன் சொன்னதே சரி என்பது 1953-இல் நிரூபிக்கப்பட்டது. ஆயினும் 12 உருண்டைகளை வைத்த பிறகு கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது. அந்த உருண்டைகள் சற்றே நகரலாம். இந்த மிச்ச இடம் பின்னர் அணுக்கொத்துகளின் கதையில் முக்கியமாகிறது.

லெனார்டு-ஜோன்ஸ் விதி

கணக்கிட வேண்டுமானால் இரண்டு அணுக்களுக்கு இடையே உள்ள ஆற்றல், தொலைவைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்பது தெரிய வேண்டும். ஆர்கான், செனான் போன்ற மந்த வாயு அணுக்களுக்கு இதை எளிய வடிவில் எழுதியவர் ஆங்கிலேயரான ஜான் லெனார்டு-ஜோன்ஸ். இவருடைய முதல் கட்டுரைகள் 1924-இல் வெளிவந்தன. 1932-இல் இவர் கேம்பிரிட்ஜில் கோட்பாட்டு வேதியியல் பேராசிரியரானார்.

அணுக்கள் தொலைவில் இருக்கும்போது ஒன்றையொன்று மெல்ல ஈர்க்கின்றன. இந்த ஈர்ப்பு ஆற்றல் தொலைவின் 6-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. இதன் காரணத்தை 1930-இல் ஃபிரிட்ஸ் லண்டன் குவாண்டம் கொள்கையைக் கொண்டு விளக்கினார். மிக அருகில் வந்தால் அணுக்கள் கடுமையாக விலக்குகின்றன. இந்த விலக்கலுக்கு 12-ஆம் அடுக்கு பயன்படுகிறது. 12 என்பது 6-இன் இரு மடங்கு ஆதலால் கணக்கிட வசதியானது என்பதே அந்த எண்ணைத் தேர்ந்ததற்கு முதன்மைக் காரணம். ஈர்ப்பும் விலக்கலும் சமப்படும் தொலைவில் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும்.

ஓர் இணை அணுக்களின் பிணைப்பு ஆற்றலை 1 அலகு என்று கொள்வோம். 2 அணுக்களின் ஆற்றல் -1. சமபக்க முக்கோணமாக அமையும் 3 அணுக்களின் ஆற்றல் -3. நான்முகியாக அமையும் 4 அணுக்களின் ஆற்றல் -6. இவற்றில் எல்லா அணுக்களும் ஒன்றையொன்று தொடுவதால் கணக்கு எளிது. 5-ஆவது அணு வந்ததும் இது இயலாமற்போகிறது. இரண்டு நான்முகிகள் ஒரு முகத்தில் ஒட்டிய வடிவமே அப்போது சிறந்தது. அதன் ஆற்றல் -9.10.

6 அணுக்களில் முதல் முறையாக இரண்டு வடிவங்கள் போட்டியிடுகின்றன. ஒன்று எண்முகி. மற்றொன்று, 5 அணு வடிவத்தின் ஒரு முகத்தில் 6-ஆவது அணுவை ஒட்டியது. இரண்டிலும் ஒன்றையொன்று தொடும் இணைகள் 12 தான். ஆனால் எண்முகியின் ஆற்றல் -12.71; மற்றதன் ஆற்றல் -12.30. தொடாத இணைகளுக்கு இடையே உள்ள மெல்லிய ஈர்ப்பே வெற்றியைத் தீர்மானிக்கிறது. தொடும் இணைகளை எண்ணினால் மட்டும் போதாது என்பதை இந்தச் சிறு எடுத்துக்காட்டே காட்டிவிடுகிறது.

ஃபிராங்கும் மெக்கேயும்

உருகிய உலோகத்தின் சிறு துளிகள் உறைநிலைக்குக் கீழே வெகுவாகக் குளிர்ந்த பின்னும் உறையாமல் நீர்மமாகவே இருப்பதுண்டு. இதற்குப் பிரிஸ்டலைச் சேர்ந்த சார்லஸ் ஃபிராங்க் 1952-இல் ஒரு விளக்கம் அளித்தார். ஓர் அணுவைச் சுற்றி 12 அணுக்களைப் படிகத்தில் உள்ளதுபோல அடுக்கலாம். இருபதுமுகியின் 12 முனைகளிலும் வைக்கலாம். லெனார்டு-ஜோன்ஸ் விதிப்படி கணக்கிட்டால் இருபதுமுகியின் பிணைப்பு ஆற்றல் 8.4 விழுக்காடு அதிகம் என்று அவர் காட்டினார். படிக அமைப்பில் அருகருகே உள்ள இணைகள் 36, இருபதுமுகியில் 42. எனவே நீர்மத்தில் இருபதுமுகித் திரள்கள் உருவாகக்கூடும். படிகமாக மாற வேண்டுமானால் அவை முதலில் கலைய வேண்டும்.

இருபதுமுகியில் ஒரு சிக்கல் உண்டு. ஐங்கோணங்களை இடைவெளியின்றித் தரையில் பதிக்க முடியாததுபோல, ஐந்துமடிச் சமச்சீர் கொண்ட இந்த வடிவத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கிப் படிகம் உண்டாக்க முடியாது. அதன் விளிம்பு, மையத்திலிருந்து முனை வரையுள்ள தொலைவைவிட ஏறத்தாழ 5 விழுக்காடு நீளம். ஆகவே உள்ளே இறுக்கமும் வெளியே தளர்ச்சியும் இருக்கும். கொத்து பெரிதாகப் பெரிதாக இந்த இறுக்கம் வளர்கிறது. நியூட்டன் காலத்தில் கண்ட அந்த மிச்ச இடத்தின் விளைவே இது.

1962-இல் லண்டன் பிர்க்பெக் கல்லூரியின் ஆலன் மெக்கே, இருபதுமுகியின் மேல் அடுக்கடுக்காக உறைகளைச் சேர்க்கும் முறையை விவரித்தார். முதல் உறையில் 12, இரண்டாவதில் 42, மூன்றாவதில் 92 அணுக்கள். மைய அணுவையும் சேர்த்தால் மொத்தம் முறையே 13, 55, 147 என வரும். இவை மெக்கே இருபதுமுகிகள் எனப்படுகின்றன.

முதல் கணினித் தேடல்கள்

1970-களின் தொடக்கத்தில் ஹோர், பால் என்னும் இரு ஆய்வாளர்கள் கணினியைக் கொண்டு முறையாகத் தேடத் தொடங்கினர். ஒரு சிறு வித்து வடிவத்தை எடுத்து, அதன்மேல் அணுக்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஆற்றல் குறையும் திசையில் அணுக்களை நகர்த்தி நிலைபெறச் செய்வது அவர்கள் முறை.

இங்கு ஆற்றல் நிலப்பரப்பு என்னும் கருத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மலைகளும் பள்ளங்களும் நிறைந்த ஒரு நிலத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் இடமும் அணுக்களின் ஓர் அடுக்கு முறை. அந்த இடத்தின் உயரம் அதன் ஆற்றல். ஒரு பந்தை எங்கே விட்டாலும் அது உருண்டு அருகில் உள்ள பள்ளத்தில் நிற்கும். அதுவே நிலத்தின் மிக ஆழமான பள்ளம் என்று சொல்ல முடியாது. கணினிக்கும் இதே நிலைதான். பள்ளத்தில் இறங்குவது எளிது. சரியான பள்ளத்தில் இறங்குவதே கடினம்.

பள்ளங்கள் எத்தனை? 6 அணுக்களுக்கு 2. 7 அணுக்களுக்கு 4. 8 அணுக்களுக்கு 8. 13 அணுக்களுக்கு ஹோரும் மெக்இன்ஸும் 988 பள்ளங்களைப் பட்டியலிட்டனர். பிந்தைய தேடல்களில் இந்த எண் சுமார் 1,500 ஆக உயர்ந்தது. அணு ஒன்று கூடும்போது பள்ளங்கள் ஏறத்தாழ மூன்று மடங்காகின்றன.

இதே வேகத்தில் பெருகும் என்று வைத்துக்கொண்டு 55 அணுக்களுக்குக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1,500-ஐ 42 முறை மூன்றால் பெருக்கினால், 1-ஐ அடுத்து 23 சுழியங்கள் கொண்ட எண்ணையும் தாண்டிவிடும். நொடிக்குப் பத்து லட்சம் பள்ளங்களைச் சோதிக்கும் கணினி இருந்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 500 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பூமியின் வயதே சுமார் 454 கோடி ஆண்டுகள்தான். ஆகவே அனைத்தையும் சோதித்துப் பார்க்கும் வழி அடைபட்டுவிடுகிறது. இந்தச் சிக்கல் கணினி அறிவியலில் என்பி-கடினம் எனப்படும் வகையைச் சேர்ந்தது என்று வில், வென்னிக் ஆகியோர் 1985-இல் காட்டினர். எல்லா அளவுகளுக்கும் விரைவாக விடை தரும் பொது வழி இதற்கு அறியப்படவில்லை.

ஆய்வகத்தில் கிடைத்த சான்று

1981-இல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எக்ட், சாட்லர், ரெக்னாகல் ஆகியோர் செனான் வாயுவைக் குளிரச் செய்து உண்டாக்கிய கொத்துகளை நிறை நிறமாலைமானியில் ஆராய்ந்தனர். சில எண்ணிக்கையில் அணுக்கள் கொண்ட கொத்துகள் மட்டும் மிகுதியாக இருந்தன. அந்த எண்களில் 13, 55, 147 ஆகியவை இருந்தன. மெக்கே 1962-இல் கணித்த அதே எண்கள் இவை. இவ்வாறு தனித்து நிற்கும் எண்கள் மாய எண்கள் எனப்படுகின்றன.

இதனால் இருபதுமுகியின் மீது நம்பிக்கை பெருகியது. 1987-இல் நார்த்பி அந்த நம்பிக்கையையே தேடும் முறையாக மாற்றினார். அணுக்கள் எங்கும் இருக்கலாம் என்று தேடாமல், இருபதுமுகியின் மையக்கருவையும் அதைச் சுற்றி அணுக்கள் அமரக்கூடிய குறிப்பிட்ட இடங்களையும் முன்கூட்டியே வகுத்துக்கொண்டார். எந்த இடங்களை நிரப்புவது என்பது மட்டுமே பிறகு கேள்வி. இதனால் தேடல் மிகவும் சுருங்கியது. 13 முதல் 147 வரை எல்லா அளவுகளுக்கும் அவர் விடை தந்தார். அவற்றில் பெரும்பாலானவை சிறந்த விடைகள். ஆனால் இருபதுமுகி அல்லாத விடை ஏதேனும் இருந்தால் அது இந்த வலையில் சிக்காது.

38 அணுக்களின் பாடம்

1990-களின் நடுப்பகுதியில் அப்படி ஒரு விடை வெளிப்பட்டது. 38 அணுக்கள் கொண்ட கொத்தின் தாழ்ந்த அமைப்பு இருபதுமுகி வகையைச் சேர்ந்ததன்று. அது முனைகள் வெட்டப்பட்ட எண்முகி. நடுவில் 6 அணுக்களால் ஆன சிறு எண்முகி. அதைச் சுற்றி 32 அணுக்கள். முகங்களில் 8 அறுகோணங்கள், 6 சதுரங்கள். அடுக்கு முறையோ கட்டியாக உறைந்த ஆர்கானில் உள்ள முகமையக் கனசதுர முறை. போலந்தைச் சேர்ந்த பிலார்டி, பியேலா ஆகியோர் 1995-இல் இதைக் கண்டறிந்தவர்களுள் அடங்குவர்.

இதன் ஆற்றல் -173.93. சிறந்த இருபதுமுகி வகையின் ஆற்றல் -173.25. வேறுபாடு அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஆயினும் இந்த இரண்டு வடிவங்களுக்கும் இடையே உயரமான மலைத்தொடர் ஒன்று நிற்கிறது. 38 அணுக்களின் நிலப்பரப்பில் இரண்டு பெரும் புனல்கள் உள்ளன. இருபதுமுகிப் புனல் அகன்றது. அதில் பள்ளங்கள் ஏராளம். எண்முகிப் புனல் ஒடுங்கியது. ஆழம் மட்டும் சற்றே அதிகம்.

இதன் விளைவை ஒரு புகழ்பெற்ற தேடல் முறையின் வழியே பார்க்கலாம். 1983-இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த கிர்க்பாட்ரிக், கெலாட், வெக்கி ஆகியோர் ஒரு முறையை அறிமுகம் செய்தனர். கொல்லன் இரும்பைக் காய்ச்சி மெல்ல ஆறவிடுவதுபோல, கணினிக்குள் அணுக்களைச் சூடாக்கி மெல்லக் குளிர்விப்பது அது. பல சிக்கல்களுக்கு இது நன்றாகப் பயன்பட்டது. 38 அணுக்களில் தவறியது. சூடான நிலையில் பள்ளங்கள் மிகுந்த அகன்ற புனலே கொத்துக்கு வசதி. குளிரும்போது கொத்து அதற்குள்ளேயே இறங்கி மாட்டிக்கொள்கிறது. ஒடுங்கிய புனல் சாதகமாகும் தாழ்ந்த வெப்பநிலை வரும்போது, மலைத்தொடரைக் கடக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

இயற்கைக்கும் இதே தடை உண்டு. உண்மையான கொத்து ஒன்று விரைவாகக் குளிர்ந்தால் மிகத் தாழ்ந்த வடிவத்தை அடையாமலே உறைந்துவிடலாம். ஆகவே கணினி கண்டறியும் தாழ்ந்த அமைப்பும் ஆய்வகத்தில் கிடைக்கும் அமைப்பும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாணவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும்.

மரபியல் நெறிமுறையும் பள்ளம் தாவும் முறையும்

1995-இல் அமெரிக்காவின் அயோவாவைச் சேர்ந்த டீவன், ஹோ ஆகியோர் உயிரினங்களின் மரபு வழியைப் பின்பற்றினர். இரண்டு நல்ல கொத்துகளை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, ஒன்றின் மேற்பாதியை மற்றொன்றின் கீழ்ப்பாதியோடு ஒட்டினர். பிறந்த சேய்க்கொத்தை அருகில் உள்ள பள்ளத்தில் இறக்கி, நல்லதாயின் வைத்துக்கொண்டனர். தாறுமாறாகச் சிதறிய 60 கரி அணுக்களிலிருந்து தொடங்கி, கால்பந்து வடிவமுள்ள ஃபுல்லரீனை இம்முறை தானாகவே கண்டடைந்தது. அந்த ஃபுல்லரீன் 1985-இல் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. அதற்காக 1996-இல் நோபல் பரிசும் வழங்கப்பட்டது.

1997-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டேவிட் வேல்ஸ், ஜோனதன் டாய் ஆகியோர் பள்ளம் தாவும் முறையை வெளியிட்டனர். புரத மூலக்கூறுகளின் மடிப்பைக் காண லி, ஷெராகா ஆகியோர் 1987-இல் பயன்படுத்திய முறையோடு இதற்கு நெருங்கிய உறவு உண்டு. அணுக்களைச் சற்றே கலைத்துவிட்டு, உடனே அருகில் உள்ள பள்ளத்தின் அடிக்கு இறக்க வேண்டும். புதிய பள்ளம் ஆழமானதாயின் ஏற்க வேண்டும். மேடானதாயின், எவ்வளவு மேடு என்பதைப் பொறுத்துச் சிலவேளை ஏற்கலாம், சிலவேளை மறுக்கலாம்.

இதன் பயன் எளிதில் விளங்கும். ஒவ்வொரு பள்ளத்தின் சரிவுகளும் அதன் அடிமட்டத்துக்கே தட்டையாக்கப்பட்டதுபோல, நிலம் முழுவதும் படிக்கட்டாக மாறிவிடுகிறது. பள்ளங்களுக்கு இடையே இருந்த மேடுகள் மறைகின்றன. மிக ஆழமான பள்ளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 38 அணுக்களின் எண்முகியை இம்முறை எந்த முன்முடிவும் இன்றிக் கண்டடைந்தது. 110 அணுக்கள் வரை அவர்கள் தேடியதில் 69, 78, 107 ஆகிய அளவுகளுக்கு அதுவரை அறிந்தவற்றைவிடத் தாழ்ந்த அமைப்புகள் கிடைத்தன. 75 முதல் 77 வரையும் 102 முதல் 104 வரையும் உள்ள அளவுகளுக்குப் பத்துமுகி வகை வடிவமே சிறந்தது. இவற்றுள் 75 அணுக்களின் தேடல் 38-ஐ விடப் பன்மடங்கு கடினமானது.

98 அணுக்கள்

இத்தனை பேர் இத்தனை முறைகளால் தேடிய பிறகு பட்டியல் முடிந்துவிட்டதாகவே தோன்றியிருக்கும். ஆனால் ராபர்ட் லியரி 98 அணுக்களுக்கு யாரும் எதிர்பாராத வடிவம் ஒன்றைக் கண்டறிந்தார். அவரும் டாயும் 1999-இல் அதை வெளியிட்டனர். அது இருபதுமுகியும் அன்று, பத்துமுகியும் அன்று, முனை வெட்டிய எண்முகியும் அன்று. நடுவில் 20 அணுக்கள் கொண்ட நான்முகி. அதன் நான்கு முகங்களிலும் நான்முகி அடுக்குகள். ஆறு விளிம்புகளின் மேலும் 7 அணுக்கள் கொண்ட அறுகோணத் தட்டுகள். இது லியரி நான்முகி எனப்படுகிறது. பின்னர் ஃபுல்லரீன் மூலக்கூறுகளால் ஆன கொத்துகளை ஜெர்மனியில் ஆராய்ந்தபோது 98 அங்கே ஒரு மாய எண்ணாகத் தென்பட்டது. கணினிக்குள் கிடைத்த வடிவம் வேறொரு பொருளில் உயிர்பெற்றது எனலாம்.

இன்று அறிந்தவரை 13 முதல் 147 வரையுள்ள 135 அளவுகளில் 8 மட்டுமே இருபதுமுகி வகையைச் சேராதவை. நார்த்பியின் ஊகம் மிகப் பெரும்பாலும் சரி. ஆனால் எந்த எட்டு இடங்களில் அது தவறும் என்பதை அந்த ஊகத்தைக் கொண்டே அறிந்திருக்க முடியாது.

நீரும் தங்கமும்

லெனார்டு-ஜோன்ஸ் விதி மந்த வாயுக்களுக்கே பொருந்தும். நீர் மூலக்கூறுகளில் ஹைட்ரஜன் பிணைப்புகளின் திசையும் முக்கியம். 3 முதல் 5 வரையுள்ள நீர் மூலக்கூறுகள் வளையமாக அமைகின்றன. 6 மூலக்கூறுகளில் முப்பரிமாண வடிவங்கள் தொடங்குகின்றன. கூண்டு, பட்டகம், புத்தகம் என்னும் மூன்று வடிவங்களின் ஆற்றல்கள் மிக நெருக்கமானவை. எது தாழ்ந்தது என்று கணக்கீடுகள் நெடுங்காலம் வாதிட்டன. 2012-இல் சுழற்சி நிறமாலை ஆய்வு ஒன்று மூன்றையும் ஒரே சோதனையில் கண்டு, கூண்டே மிகத் தாழ்ந்தது என்று காட்டியது.

உலோகங்களுக்கு எலக்ட்ரான்களையே கணக்கிட வேண்டும். அதற்கு 1964-65-இல் வால்டர் கோன் தம் கூட்டாளிகளுடன் உருவாக்கிய அடர்த்திச் சார்பியக் கோட்பாடு பயன்படுகிறது; இதற்காகக் கோன் 1998-இல் நோபல் பரிசு பெற்றார். 2003-இல் 20 தங்க அணுக்கள் கொண்ட கொத்து நான்முகி வடிவம் என்பது சோதனையும் கணக்கீடும் சேர்ந்து நிறுவப்பட்டது. நகைக்கடையில் உள்ள தங்கம் எதனுடனும் எளிதில் வினைபுரியாது. ஆனால் நுண்துகளாக்கிய தங்கம் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே ஆக்சிஜனேற்றம் செய்ய உதவும் என்பதை ஜப்பானியரான மசடாகே ஹருடா 1980-களில் காட்டினார். வடிவத்தை அறிவது வெறும் புதிர் விளையாட்டு அன்று என்பதற்கு இது சான்று.

அடர்த்திச் சார்பியக் கணக்கீடு மிகுந்த நேரம் எடுக்கும். 2007-இல் பேலர், பரினெல்லோ ஆகியோர் நரம்பு வலையமைப்பைப் பயிற்றுவித்து அந்த ஆற்றலை விரைவாக மதிப்பிடும் வழியைக் காட்டினர். இன்றைய தேடல்களில் இத்தகைய முறைகள் பெருகி வருகின்றன.

விடை என்பதன் பொருள்

கேம்பிரிட்ஜ் கொத்துத் தரவுத்தளம் ஒவ்வோர் அளவுக்கும் அறிந்தவற்றுள் தாழ்ந்த ஆற்றலையும் அணுக்களின் ஆயங்களையும் இணையத்தில் அனைவருக்கும் திறந்து வைத்துள்ளது. அதில் உள்ளவை நிரூபிக்கப்பட்ட விடைகள் அல்ல. மிகச் சிறிய கொத்துகளைத் தவிர மற்றவற்றுக்கு, இதைவிடத் தாழ்ந்தது இல்லை என்னும் கணித நிரூபணம் கிடையாது. இதுவரை யாரும் இதைவிடத் தாழ்ந்ததைக் காணவில்லை என்பதே அந்த எண்களின் பொருள்.

ஒரு விடை தவறு என்று காட்ட அதைவிடத் தாழ்ந்த ஒரே ஓர் அமைப்பு போதும். அதைச் சரிபார்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஆயங்களைக் கொடுத்தால் ஒரு சாதாரணக் கணினி நொடியில் ஆற்றலைக் கூட்டிச் சொல்லிவிடும். கல்லூரி மாணவர் ஒருவர் 38 அணுக்களுக்கான பள்ளம் தாவும் நிரலைத் தாமே எழுதி -173.93 கிடைக்கிறதா என்று பார்க்கலாம். முதலில் பலமுறை -173.25 தான் கிடைக்கும். அங்கே நிறுத்திவிடாமல் தொடர்ந்து தேடினால்தான் எண்முகி வெளிப்படும்.